வடிவமைப்பு முறையா, ஆராய்ச்சி முறையா? புராஜெக்ட் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களின் புராஜெக்ட்டுகளுக்கு வழிகாட்டுவது என் வேலை. பாதிப் பேர் மெக்கானிக்கல், பாதிப் பேர் டிசைன். ஒவ்வொரு ஆண்டும் தலைப்பு முடிவாகும் மாதத்தில் இதே கேள்விகள் வருகின்றன; ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

இரண்டுக்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்?

கடைசியில் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்டுப் பாருங்கள். வடிவமைத்து முடித்தால் ஒரு பொருளோ, வரைபடமோ, செயலியோ மிஞ்சும். அது வேலை செய்ய வேண்டும், யாருக்காகச் செய்தோமோ அவருக்குப் பயன்பட வேண்டும். ஏன் வேலை செய்கிறது என்று முழுக்கத் தெரியாவிட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆராய்ந்து முடித்தால் ஒரு கூற்று மிஞ்சும். "இந்த நிலையில், இதை மாற்றினால், இது இப்படி ஆகும்" என்ற வகை வாக்கியம். நீங்கள் இல்லாத ஊரில், உங்களைத் தெரியாத ஒருவர் செய்து பார்த்தாலும் அது நிற்க வேண்டும்.

ஹெர்பர்ட் சைமன் 1969-இல் இதைத்தான் பிரித்துக் காட்டினார்: இயற்கை அறிவியல் பொருள்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கிறது, வடிவமைப்பு அவை எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்கிறது. பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற அந்த மனிதர் வடிவமைப்பைப் பற்றி ஏன் எழுதினார் என்றால், அவருக்கு மருந்து எழுதிக் கொடுக்கும் டாக்டரும் விற்பனைத் திட்டம் போடும் மேலாளரும் வடிவமைப்பாளர்கள்தான்.

சரி, நடைமுறையில் இரண்டும் இவ்வளவு சுத்தமாகப் பிரிந்து நிற்பதில்லை. அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

ஒரே வேலையில் இரண்டும் மாறி மாறி வருமா? உதாரணம் சொல்ல முடியுமா?

வரும். எனக்குத் தெரிந்து இதற்கு ரைட் சகோதரர்களைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. விமானத்தைக் கண்டுபிடித்த கதையாகவே அதைப் படித்திருப்பீர்கள். முறையைப் பார்க்கும் கண்ணோடு படித்தால் வேறு கதை தெரியும்.

1901-இல் அமெரிக்கக் கடற்கரையில் உள்ள கிட்டி ஹாக் மணலில் அவர்கள் பறக்கவிட்ட கிளைடர், கணக்குப்படி வர வேண்டிய தூக்குவிசையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைத்தான் தந்தது. வடிவமைப்பாளராக மட்டும் இருந்திருந்தால் இறக்கையைக் கொஞ்சம் பெரிதாக்கி, வளைவைக் கொஞ்சம் மாற்றி மறுபடி ஓடவிட்டிருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் பலர் அப்படித்தான் செய்தார்கள். இவர்கள் சொந்த ஊரான டேட்டனுக்குத் திரும்பி வந்து, கிளைடரை ஓரமாக வைத்துவிட்டு, கணக்கின் மீதே சந்தேகப்பட்டார்கள்.

முதலில் ஒரு சைக்கிளின் ஹேண்டில்பாரில் மூன்றாவது சக்கரம் ஒன்றைப் படுக்கைவாட்டில் மாட்டி, அதில் ஒரு வளைந்த தகட்டையும் ஒரு தட்டைத் தகட்டையும் பொருத்தி, தெருவில் மிதித்துக்கொண்டு போனார்கள். எது எதைத் தள்ளுகிறது என்று பார்க்க. அவர்கள் கணக்குக்கு எடுத்துக்கொண்டிருந்தது லிலியந்தால் என்ற ஜெர்மன் கிளைடர் முன்னோடியின் அட்டவணை; அதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. எவ்வளவு தப்பு என்று தெரியவில்லை. அப்புறம்தான் சைக்கிள் கடையில் ஆறடி நீள மரப்பெட்டி ஒன்றைக் காற்றுச் சுரங்கமாக அடித்தார்கள். விசையை அளக்கும் தராசைப் பழைய ஹாக்ஸா பிளேடையும் சைக்கிள் ஸ்போக் கம்பியையும் வைத்துச் செய்தார்கள். அந்த ஆண்டின் கடைசி மாதங்களில், தகரத்தில் வெட்டிய சுமார் 200 குட்டி இறக்கை வடிவங்களை அதற்குள் வைத்துப் பார்த்தார்கள்.

கவனியுங்கள், அந்த 200-இல் ஒன்றுகூடப் பறக்க வேண்டியதில்லை. அவை அறிவதற்காகச் செய்தவை. கிடைத்த பதில்கள் இரண்டு. ஒன்று, எல்லோரும் 18-ஆம் நூற்றாண்டிலிருந்து பயன்படுத்தி வந்த 0.005 என்ற காற்றழுத்தக் குணகம் அதிகம். உண்மை மதிப்பு 0.0033-ஐ ஒட்டியது. இரண்டு, லிலியந்தாலின் அட்டவணை அவருடைய இறக்கை வடிவத்துக்கு ஏறக்குறைய சரிதான். இவர்கள் வேறு வடிவ இறக்கைக்கு அதைப் பயன்படுத்தியதுதான் கோளாறு. இந்த இரண்டாவது பதிலை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒரு ஆய்வு முடிவு எந்த எல்லைக்குள் செல்லும் என்பதும் அந்த முடிவின் ஒரு பகுதி.

1902 கிளைடர் இப்படி அளந்து அவர்களே போட்ட புது அட்டவணையிலிருந்து பிறந்தது. முன்பு 22 அடி நீளம், 7 அடி அகலம் இருந்த இறக்கை இப்போது 32 அடி நீளம், 5 அடி அகலம். தூக்குவிசை கணக்குப்படி வந்தது. ஆனால் திரும்பும்போது சில நேரம் ஒரு பக்கமாகச் சறுக்கி மணலைக் குடைந்தது; அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கிணறு வெட்டுதல்'. இதற்குக் காற்றுச் சுரங்கம் உதவவில்லை. பறந்து, விழுந்து, யோசித்துத்தான் வழி பிறந்தது. அசையாமல் இருந்த பின்வாலை அசையும்படி செய்யலாம் என்று ஆர்வில் சொன்னார். இறக்கையை முறுக்கும் கம்பியோடே அதை இணைத்துவிடலாம் என்று வில்பர் சொன்னார். இது திரும்பவும் வடிவமைப்பு.

ஆக, களத்தில் தோல்வி, கடைக்குள் ஆராய்ச்சி, மறுபடி வடிவமைப்பு, மறுபடி களம். எப்போது எதற்குத் தாவ வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் மாணவர்கள் சறுக்குவதும் அந்தத் தாவலில்தான்.

மெத்தட் வேறு, மெத்தடாலஜி வேறா?

வேறு. நேர்காணல், டென்சைல் டெஸ்ட், கருத்துக்கணிப்பு, சிமுலேஷன் இவை முறைகள், அதாவது மெத்தட். இந்தக் கேள்விக்கு இந்த முறை ஏன், இந்த வரிசை ஏன் என்ற நியாயம்தான் மெத்தடாலஜி. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் பயன்படுத்திய மெஷின்களின் பட்டியலைப் போட்டுவிட்டு மேலே 'மெத்தடாலஜி' என்று எழுதுகிறார்கள். அது பொருட்பட்டியல்.

பொறியியல் வடிவமைப்பு முறை என்று பாடத்தில் வருவது எது?

பெரும்பாலும் ஜெர்மன் வழி வந்தது. பால், பைட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் 1977-இல் தொகுத்த வரிசைதான் பல பாடத்திட்டங்களுக்கு முதுகெலும்பு. வேலையைத் தெளிவாக்குதல், கருத்து வடிவமைப்பு, உருவ வடிவமைப்பு, விவர வடிவமைப்பு என்று நான்கு கட்டம். முதல் கட்டத்தில் தேவைப் பட்டியல் எழுத வேண்டும். எது கட்டாயம், எது இருந்தால் நல்லது என்று பிரித்து. இரண்டாவதில், பொருளை மறந்துவிட்டு அது செய்ய வேண்டிய செயல்களை மட்டும் பிரிக்க வேண்டும். 'மோட்டார்' என்று எழுதக் கூடாது, 'சுழற்சி கொடு' என்று எழுத வேண்டும். அப்போதுதான் கையால் சுற்றலாம், காலால் மிதிக்கலாம் என்றும் தோன்றும்.

ஒவ்வொரு செயலுக்கும் எதிரே கிடைக்கக்கூடிய தீர்வுகளை வரிசையாக எழுதி, குறுக்கே ஒவ்வொன்றாக எடுத்துக் கோக்கும் அட்டவணைக்கு உருவவியல் அட்டவணை என்று பெயர். அந்த யோசனை ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற வானியலாளரிடமிருந்து வந்தது. ஐந்து செயல், ஒவ்வொன்றுக்கும் நான்கு தீர்வு என்றால் 1,024 சேர்க்கைகள். அத்தனையும் பார்க்க வேண்டியதில்லை. ஒத்துவராத ஜோடிகளை முதலிலேயே அடித்துவிடலாம்.

மெக்கட்ரானிக்ஸ் ஆட்கள் வி-மாடல் பேசுவார்கள். V எழுத்தின் இடது கையில் இறங்கும்போது பிரிப்பு, வலது கையில் ஏறும்போது சேர்ப்பும் சோதனையும். ஒவ்வொரு மட்டத்திலும் இடதில் எழுதியதை வலதில் சரிபார்க்க வேண்டும். ஜெர்மன் பொறியாளர் சங்கம் 2004-இல் இதை ஒரு வழிகாட்டியாகவே வெளியிட்டது.

இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு நம்பிக்கை உண்டு: பிரச்சினை என்னவென்று ஆரம்பத்திலேயே எழுதிவிடலாம் என்பது. கியர்பாக்ஸுக்கு அது சரி.

டிசைன் பள்ளிக்காரர்கள் அதை ஏன் ஏற்பதில்லை?

அவர்கள் கைக்கு வரும் பிரச்சினைகள் அப்படி எழுதிக் கொடுக்கப்படுவதில்லை. ஹார்ஸ்ட் ரிட்டெல், மெல்வின் வெபர் இருவரும் 1973-இல் எழுதிய கட்டுரையில் இவற்றுக்கு 'பொல்லாத பிரச்சினைகள்' என்று பொருள்படும் பெயர் வைத்து, பத்துக் குணங்களைச் சொன்னார்கள். எங்கே நிறுத்துவது என்று பிரச்சினையே சொல்லாது. தீர்வு சரி, தப்பு என்று இருக்காது, பரவாயில்லை, மோசம் என்றுதான் இருக்கும். தீர்க்க முயன்றால்தான் பிரச்சினை என்னவென்றே புரியும். பேருந்து நிலையத்தில் கழிப்பறை கட்டுவதை ஒரு முறை யோசித்துப் பாருங்கள். பிளம்பிங் எளிது. யார் கழுவுவார், யார் காசு வாங்குவார், ராத்திரி பத்து மணிக்கு மேல் பெண்கள் உள்ளே போவார்களா என்பதெல்லாம் வரைபடத்தில் வராது.

ஆகவே பிரச்சினையைத் திரும்ப எழுதுவதே அங்கே பாதி வேலை. பிரிட்டிஷ் டிசைன் கவுன்சில் 2000-களின் நடுவில் பரப்பிய இரட்டை வைரப் படத்தில் முதல் வைரம் முழுக்க அதற்குத்தான்: விரித்துப் பார், பிறகு சுருக்கிச் சொல். இரண்டாவது வைரத்தில்தான் தீர்வு.

ஜெய்ப்பூர் கால் இதற்குக் கண்ணெதிரே உள்ள சான்று. 1960-களின் கடைசியில் மேல்நாட்டுச் செயற்கைப் பாதம் இங்கே கிடைத்தது. இயந்திரவியல்படி அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அது ஷூவுக்குள் இருப்பதற்காகச் செய்தது. குத்துக்காலிட்டு உட்கார, சம்மணமிட, வெறுங்காலோடு சேற்று வயலில் இறங்க அதனால் முடியாது. மருத்துவர் பி.கே. சேத்தியும், கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் அந்தத் தேவைகளிலிருந்து தொடங்கி, ரப்பரை அச்சில் வேகவைத்து, கால் மாதிரியே தோற்றமும் வளைவும் உள்ள பாதத்தை உருவாக்கினார்கள். 'நடக்க உதவும் பாதம்' என்று எழுதியிருந்தால் பழைய பாதமே போதும். 'உட்கார்ந்து எழவும் உதவும் பாதம்' என்று எழுதியதால் வேறு பொருள் பிறந்தது. சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது. கைவினைஞரின் பெயர் அவ்வளவாகப் பரவவில்லை. முறைகளைப் பற்றிப் பேசும்போது கையால் யோசிப்பவர்களை நாம் எப்போதும் அடிக்குறிப்பில்தான் வைக்கிறோம்; இது என் தனி வருத்தம்.

கைடு "இதில் ரிசர்ச் எங்கே?" என்று கேட்கிறார். நான் ஒரு நல்ல பொருளைத்தானே செய்திருக்கிறேன்?

இந்தப் பக்கத்திலேயே அதிகம் வரும் கேள்வி. என்னிடம் வந்த இரண்டு மாணவர்களின் கதையைச் சொல்கிறேன். இருவருக்கும் தலைப்பு வேர்க்கடலை உரிக்கும் சிறு கருவி.

மெக்கானிக்கல் மாணவர் முதல் வாரமே அளவைகளை எழுதிக்கொண்டு வந்தார்: உருளைக்கும் சல்லடைக்கும் நடுவே இடைவெளி, உருளையின் வேகம், காயின் ஈரப்பதம். விளைவு, உடைந்த பருப்பின் சதவீதம். அழகான பரிசோதனைத் திட்டம். டிசைன் மாணவி திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்தில் போய் மூன்று நாள் பெண்களோடு உட்கார்ந்து கடலை உரித்துவிட்டு வந்தார். விரல் நுனி தோல் உரிந்துபோயிருந்தது. அவர் நோட்டில் முதல் வரி இது: "மெஷின் இருக்கிறது. ஆனாலும் கையால் உரிக்கிறார்கள்."

ஏன்? எண்ணெய் ஆட்டக் கொண்டுபோகும் கடலையை மெஷினில்தான் கொடுக்கிறார்கள். உடைந்தால் செக்குக்கு என்ன நஷ்டம்? கையால் உரிப்பது விதைக்கடலையை. அதில் பருப்பு உடையாமல் இருந்தால் மட்டும் போதாது. மேல் தோல் கீறினாலே முளைப்பு குறையும். ஒரு பாட்டி மாணவியின் உள்ளங்கையில் இரண்டு பருப்பை வைத்து, "இதுல எது மொளைக்கும் சொல்லு" என்று கேட்டிருக்கிறார். இரண்டும் முழுசாகத்தான் இருந்தன. ஒன்றில் நகம் பட்டது போல மெல்லிய வெள்ளைக் கோடு.

மாணவரின் திட்டத்தில் அந்தக் கோட்டுக்கு இடமே இல்லை. 'உடைந்தது', 'உடையாதது' என்று இரண்டே தட்டு வைத்திருந்தார். அதே சமயம் மாணவியிடம் இருந்தது ஒரு நல்ல கவனிப்பு மட்டும். கீறல் எதனால் வருகிறது, இடைவெளியாலா, உருளையின் பரப்பாலா என்று சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தேன். மூன்றாவது தட்டு ஒன்று வந்தது, 'கீறியது'. அளவைகளில் உருளையின் மேல் உறை என்ன பொருள் என்பதும் சேர்ந்தது. முளைப்புச் சோதனையும் வந்தது. ஈரத்துணியில் பருப்பைச் சுற்றி வைத்து எண்ணுவது, பெரிய செலவில்லை.

இப்போது உங்கள் கைடின் கேள்விக்கு வருகிறேன். கருவி மட்டும் இருந்தால் அது வடிவமைப்பு. "விதைக்கடலைக்கு உடைவு சதவீதம் போதுமான அளவுகோல் அல்ல, கீறலையும் எண்ண வேண்டும், கீறலை இந்த அளவைகள் இப்படிப் பாதிக்கின்றன" என்று எழுதினால், உங்கள் கருவி துருப்பிடித்துப் போன பிறகும் இன்னொருவர் அதை எடுத்துப் பயன்படுத்தலாம். அதைத்தான் அவர் கேட்கிறார்.

இதற்கென்று பெயருள்ள முறைகள் இருக்கின்றனவா? எழுதும்போது மேற்கோள் காட்ட ஏதாவது வேண்டும்.

இருக்கின்றன. மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டின் கிறிஸ்டோபர் ஃபிரேலிங் 1993-இல் மூன்று வகை பிரித்தார்: வடிவமைப்பைப் பற்றிய ஆராய்ச்சி, வடிவமைப்புக்கான ஆராய்ச்சி, வடிவமைப்பின் வழியே ஆராய்ச்சி. முதலாவது வரலாறு, கோட்பாடு. இரண்டாவது, பொருள் செய்வதற்கு முன் தகவல் திரட்டுவது. இது மட்டும் இருந்தால் பிஎச்.டி. ஆகாது. மூன்றாவதில் செய்துபார்ப்பதே அறியும் வழி. டிசைன் பள்ளி மாணவர்கள் பெரும்பாலும் மூன்றாவதைச் சொல்லிக்கொண்டு இரண்டாவதைச் செய்கிறார்கள்.

டிஆர்எம் (டிசைன் ரிசர்ச் மெத்தடாலஜி) என்பது லூசியன் பிளெஸிங்கும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அமரேஷ் சக்ரபர்த்தியும் 2009-இல் புத்தகமாகத் தந்தது. நான்கு கட்டம்: ஆய்வைத் தெளிவாக்குதல், இப்போதைய நிலையை விவரிக்கும் முதல் ஆய்வு, மாற்றத்தைப் பரிந்துரைக்கும் ஆய்வு, அந்த மாற்றம் பலித்ததா என்று விவரிக்கும் இரண்டாம் ஆய்வு. பொறியியல் வடிவமைப்பில் புதிய கருவியோ சாஃப்ட்வேரோ செய்து, அது வடிவமைப்பாளருக்கு உதவுகிறதா என்று காட்ட வேண்டியவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். நம்மவர்கள் கடைசிக் கட்டத்தை ஒரு பக்கத்தில் முடித்துவிடுவார்கள், நேரம் இருக்காது. நான்கையும் ஒருவரே முழுசாகச் செய்ய வேண்டும் என்று அந்த முறையும் கட்டாயப்படுத்தவில்லை. எதை ஆழமாகச் செய்தீர்கள், எதை மேலோட்டமாகத் தொட்டீர்கள் என்று சொல்லிவிட்டால் போதும்.

மூன்றாவது, தகவல் அமைப்புத் துறையில் பிறந்த டிசைன் சயின்ஸ். ஹெவ்னரும் உடன் எழுதியவர்களும் 2004-இல் ஏழு நெறிகளைத் தந்தார்கள். பெஃபர்ஸ் குழுவினர் 2007-இல் ஆறு படிகளாக்கினார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ், மேலாண்மை மாணவர்களுக்கு இது வசதி. இயந்திரத்தைச் செய்பவர் இதை எடுத்தால் பாதி நெறிகள் தொளதொள என்று நிற்கும்.

ஹைபாதிசிஸ் கட்டாயமா?

சோதித்துப் பார்க்கும் ஆய்வுக்கு ஹைபாதிசிஸ், அதாவது கருதுகோள், கட்டாயம். தேடிப் பார்க்கும் ஆய்வுக்குக் கேள்வி போதும். மாணவி கிராமத்துக்குப் போனபோது அவரிடம் கருதுகோள் இல்லை, இருந்திருந்தால் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்திருக்கவே மாட்டார். உருளையின் உறையை மாற்றிச் சோதித்தபோது கருதுகோள் இல்லாமல் செய்திருந்தால் வெறும் எண்களைக் குவித்திருப்பார்.

வைவாவுக்கு முந்தைய நாள் ராத்திரி கருதுகோள் எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். முடிவைப் பார்த்துவிட்டு எழுதிய கருதுகோள் எப்போதும் பாஸ் ஆகும், அதனால்தான் அதற்கு மதிப்பில்லை.

டிசைன் ஆஃப் எக்ஸ்பெரிமென்ட்ஸ், டகுச்சி இவையெல்லாம் வடிவமைப்பு முறைகளா?

பெயரில் டிசைன் இருப்பதால் வரும் குழப்பம். அது பரிசோதனையை வடிவமைப்பது. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் விவசாய ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தபோது வளர்த்து, 1935-இல் புத்தகமாக்கினார். கோப்பையில் முதலில் பால் ஊற்றினார்களா, டீ ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றாராம் ஒரு பெண்மணி. அதைச் சோதிக்க 8 கோப்பை, 4 ஒரு விதம், 4 இன்னொரு விதம், வரிசையைக் குலுக்கி வைத்துக் கொடு என்றார் ஃபிஷர். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். ஆகவே சும்மா ஊகித்தே எல்லாம் சரியாகச் சொல்ல 70-இல் ஒரு வாய்ப்புதான்.

அந்தக் குலுக்கலை நம் மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். பழைய கருவி, புதிய கருவி இரண்டையும் பயனரிடம் கொடுத்து ஒப்பிடும்போது எல்லோருக்கும் பழையதை முதலிலும் புதியதை அடுத்தும் கொடுத்தால், இரண்டாவது தடவை கை பழகியதால் வந்த வேகமும் உங்கள் வடிவமைப்பின் கணக்கில் ஏறிவிடும். பாதிப் பேருக்கு மாற்றிக் கொடுங்கள்.

ஜப்பானியப் பொறியாளர் டகுச்சியின் எல்-9 அட்டவணை பிரபலம். நான்கு காரணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை என்றால் முழுசாகச் செய்ய 81 ஓட்டம். இதில் 9 போதும். இலவசம் இல்லை. காரணிகள் ஒன்றின் மீது ஒன்று விளையாடாது என்று வைத்துக்கொண்டால்தான் 9 போதும். கடலைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு மெஷினில் போடும் வழக்கம் உண்டு. ஈரம் ஏறிய காய்க்குப் பொருந்தும் இடைவெளி, காய்ந்த காய்க்கும் பொருந்தும் என்று யார் உத்தரவாதம் தருவது? அங்கே எல்-9 போட்டால் அழகான வரைபடமும் தப்பான முடிவும் கிடைக்கலாம்.

எத்தனை பயனர்களைச் சந்திக்க வேண்டும்? ஐந்து போதும் என்கிறார்களே?

எதற்கு ஐந்து என்பதுதான் விஷயம். பயன்பாட்டுச் சோதனை நிபுணர் யாக்கோப் நீல்சன் சொன்ன கணக்கு இது: ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் கோளாறுகளைக் காட்டிக் கொடுத்தால், ஐந்து பேரில் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும். குறையைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டே போகும் வடிவமைப்பாளருக்கு இது சரியான யோசனை. "80 சதவீதம் பேர் எங்கள் கருவியை விரும்பினர்" என்று ஆய்வேட்டில் எழுத இது உதவாது. ஐந்தில் நான்கு பேர் என்பதை எண்பது சதவீதம் ஆக்கும்போதே கை கொஞ்சம் நடுங்க வேண்டும்.

நேர்காணலுக்கு எண்ணிக்கை வேறு மாதிரி. புதிதாக எதுவும் காதில் விழாத நிலை வரும்வரை போக வேண்டும். அது எட்டிலும் வரலாம், முப்பதிலும் வராமல் இருக்கலாம். ஒரே தெருவில் எட்டுப் பேரைக் கேட்டால் சீக்கிரம் வந்துவிடும், அதை நம்பாதீர்கள்.

டிசைன் திங்கிங் ஆராய்ச்சி முறையாகுமா?

ஆகாது. பயனரைக் கவனித்து, யோசனைகளைக் குவித்து, மாதிரி செய்து பார்க்கும் அது, பட்டறை நடத்த நல்ல முறை. ஸ்டிக்கி நோட்டுகளைப் படம் எடுத்து ஆய்வேட்டில் ஒட்டாதீர்கள்.

முறையை ஒழுங்காகப் பின்பற்றினால் நல்ல வடிவமைப்பு வந்துவிடுமா?

வந்துவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1962-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நடந்த வடிவமைப்பு முறைகள் மாநாட்டிலிருந்து தொடங்கிய அலை அது. அந்த அலையின் பெரிய பெயர் கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர். 1964-இல் வந்த அவருடைய புத்தகத்தில் விரிவாகச் செய்து காட்டிய உதாரணம் நம் நாட்டுக் கிராமம் ஒன்று. குஜராத்தில் தங்கிப் பார்த்து 141 தேவைகளைப் பட்டியலிட்டு, எது எதோடு மோதுகிறது, எது எதற்கு உதவுகிறது என்று குறித்து, கணினியை வைத்து அவற்றைக் கொத்துக் கொத்தாகப் பிரித்தார். ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு வடிவம், பிறகு கோத்தால் கிராமம்.

அதே அலெக்சாண்டர், அந்தப் புத்தகத்தின் 1971 பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், 'வடிவமைப்பு முறைகள்' என்று தனியாக ஒரு துறையாக இதைப் படிப்பதையே மறுத்தார். வடிவமைத்துப் பார்க்காதவர்கள் முறையை மட்டும் ஆராய்கிறார்கள் என்பது அவர் கோபம். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது, முழுக்க உடன்பாடில்லை. அந்த 141 தேவைகளை எழுதி வைத்ததால்தான் அவர் எங்கே தவறினார் என்று இன்று நம்மால் காட்ட முடிகிறது. எழுதாமல் கட்டியவரோடு வாதாடக்கூட முடியாது.

முறை நல்ல வடிவத்தைத் தராது, சரி. ஏதாவது முக்கியமானதை மறந்துவிட்டோமா என்று கேட்க வைக்கும். அனுபவசாலிக்குத் தொந்தரவு, புதியவருக்குக் கைப்பிடி.

எத்தனை முன்மாதிரி செய்ய வேண்டும்?

ஜேம்ஸ் டைசன் தன் வேக்யூம் கிளீனருக்கு 5,127 செய்தார் என்று மேடைதோறும் சொல்கிறார்கள், விடாமுயற்சிக்கு உதாரணமாக. முறைக்காரனாக எனக்குப் பிடித்தது வேறு: ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் என்று வைத்துக்கொண்டார். அதனால்தான் ஒவ்வொன்றும் அவருக்கு எதையோ சொன்னது. மாணவர்கள் மூன்றாவது முன்மாதிரியில் மோட்டார், உருளை, சட்டம் மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு, "சார், இப்போ நல்லா ஓடுது" என்று வருவார்கள். எதனால் என்று கேட்டால் மூன்று பேரும் மூன்று திசை பார்ப்பார்கள்.

அதே சமயம் ஒவ்வொன்றாக மாற்றினால் காரணிகளின் கூட்டு விளைவு தெரியாமல் போகும், டகுச்சி பதிலில் சொன்ன அதே சிக்கல். தேடும்போது துணிந்து பலவற்றை மாற்றுங்கள். கூற்று எழுதப்போகிறீர்கள் என்றால் திட்டமிட்டு மாற்றுங்கள்.

ஆய்வேட்டை நடந்த வரிசையிலேயே எழுதலாமா?

வேண்டாம், படிப்பவர் தொலைந்துபோவார். ஆனால் நடந்ததை மறைக்கவும் வேண்டாம். பிரச்சினையை நடுவில் மாற்றி எழுதியிருந்தால் எப்போது, எதைப் பார்த்து மாற்றினீர்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள். கடலை மாணவரின் ஆய்வேட்டில் எனக்கு மிகவும் பிடித்த பத்தி அதுதான்: "முதல் திட்டத்தில் பருப்பை இரண்டாக மட்டுமே வகைப்படுத்தியிருந்தேன்."

தோற்றுப்போன முன்மாதிரிகளை என்ன செய்வது? ஒர்க்‌ஷாப்பில் இடமில்லை என்கிறார்கள்.

முழுசாக வைக்க முடியாவிட்டால் மாற்றிய பாகத்தை மட்டுமாவது எடுத்து வையுங்கள். மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, தேதி, என்ன மாற்றினோம், என்ன ஆயிற்று என்று மூன்று வரி பேனாவில் எழுதுங்கள். போட்டோ மட்டும் போதாது. எடை தெரியாது, பரப்பு கையில் படாது.

கடலைக் கருவியின் வைவாவுக்கு வந்த வெளித்தேர்வாளர் ஸ்லைடுகளை அதிகம் பார்க்கவில்லை. மேசையில் வரிசையாக வைத்திருந்த உருளைகளில் மூன்றாவதைக் கையில் எடுத்து, விரலால் தடவிவிட்டு, "இதுல ரப்பர் உறை போட்டிருக்கீங்க, அடுத்ததுல ஏன் எடுத்துட்டீங்க?" என்று கேட்டார். மாணவர் பதற்றத்தில் பதிலை மறந்துவிட்டார். உருளையைத் திருப்பிப் பார்த்தார். டேப்பில் அவருடைய கையெழுத்திலேயே இருந்தது: கீறல் குறைந்தது, ஈரக் காய் வழுக்கி உரியாமலே வெளியே வந்துவிட்டது.